பழைய, விசித்திர எலக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து பார்த்து விலை மதிப்பது எப்படி?

1958-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையிலிருந்து இரண்டு புது வடிவங்கள் வெளிவந்தன. ஒன்று அம்பு முனையைப் போன்ற ஃப்ளையிங் வி. இன்னொன்று, ஒரு செவ்வகத்தை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்துவிட்டது போன்ற எக்ஸ்ப்ளோரர். கிப்சன் என்றால் பழைய காலத்துக் கம்பெனி என்ற பேச்சை மாற்றுவதற்காக அதன் தலைவர் டெட் மெக்கார்ட்டி இவற்றைக் கொண்டுவந்தார். வாங்க ஆளில்லை. ஃப்ளையிங் வி 1958-இல் 81, அடுத்த ஆண்டு 17, ஆக மொத்தம் 98தான் போனது. எக்ஸ்ப்ளோரர் அதைவிடக் குறைவு; ஐம்பதைத் தொடவில்லை என்பதே பொதுவான கணிப்பு. அன்று 247 டாலர் 50 சென்ட் விலை போட்டிருந்த ஃப்ளையிங் வி இன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது.

இதைக் கேட்டதும் பலர் ‘எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் வண்ண லெஸ் பால், சுமார் ஆயிரத்து ஐந்நூறு வரை செய்யப்பட்டது. ஃப்ளையிங் வி-யைப் போலப் பதினைந்து மடங்கு. இருந்தும் அதுவும் லட்சக்கணக்கான டாலர்தான். காரணம், 1960களின் நடுவில் எரிக் கிளாப்டன், மைக் புளூம்ஃபீல்ட் போன்ற கிட்டார் கலைஞர்கள் கிப்சன் கைவிட்டிருந்த அந்தக் கிட்டாரை எடுத்து வாசித்தார்கள். அந்த ஒலி எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. மறுபக்கம், இருபதோ முப்பதோ மட்டுமே செய்யப்பட்டு, சில நூறு டாலருக்கு மேல் யாரும் கேட்காத கிட்டார்களும் உலகில் நிறைய உண்டு.

எனவே நான் மதிப்பிடும் வரிசை இது. முதலில், பொருள் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிறதா? அடுத்து, அதை வாசிக்க யாராவது ஆசைப்படுகிறார்களா? அரிதா என்பது மூன்றாவதுதான். கீழே உள்ள படிகளும் இந்த வரிசையை ஒட்டியே போகும்.

முதல் படி: எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடியுங்கள்

கிட்டார் கழுத்தின் மேல்முனையான ஹெட்ஸ்டாக்கில் எழுதியிருக்கும் பெயரை நம்பி ஆரம்பிக்காதீர்கள். 1950, 60களில் அமெரிக்காவில் ஏராளமான மலிவு கிட்டார்கள் தபால்வழி விற்பனை நிறுவனங்கள் மூலம் வீடு வந்து சேர்ந்தன. சியர்ஸ் நிறுவனம் ‘சில்வர்டோன்’ என்ற பெயரில் விற்றது. மான்ட்கோமரி வார்ட் ‘ஏர்லைன்’ என்று விற்றது. இருவருமே சொந்தமாகக் கிட்டார் செய்தவர்கள் அல்லர். சில்வர்டோன் என்று எழுதிய கிட்டார் டேன்எலெக்ட்ரோ செய்ததாக இருக்கலாம், ஹார்மனி, கே செய்ததாக இருக்கலாம், ஜப்பானிலிருந்து வந்த டெய்ஸ்கோவாகவும் இருக்கலாம். பெயர் ஒன்று, விலை நான்கு விதம்.

டேன்எலெக்ட்ரோவை அடையாளம் காண்பது எளிது. நியூஜெர்சியின் நெப்டியூனில் நேதன் டேனியல் நடத்திய தொழிற்சாலை அது. மரச் சட்டத்தின் இருபுறமும் மேசனைட் என்ற அழுத்திய மரத்தூள் பலகையை ஒட்டி பாடி செய்தார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் உறை, லிப்ஸ்டிக் அடைக்கும் அதே உலோகக் குழல். 1962-இல் கிட்டார் வைக்கும் கேஸுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் பொருத்தி சியர்ஸுக்குக் கொடுத்தார்கள். எத்தனையோ அமெரிக்கப் பிள்ளைகளின் முதல் கிட்டார் அது. எண்ணிக்கையில் அதிகம் என்பதால் விலை இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கேஸும் ஆம்ப்பும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே முழு மதிப்பு.

இதே கூட்டத்திலிருந்து 1967-இல் வந்த கோரல் எலக்ட்ரிக் சிதார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிதார் இசை மேற்கில் அலை அலையாகப் பரவிய நேரம் அது. நியூயார்க் ஸ்டுடியோ கலைஞர் வின்னி பெல்லின் யோசனையில், கிட்டார் வாசிப்பவர் சிதார் ஒலி எழுப்ப உதவும் கருவியாக இது உருவானது. தந்திகளைத் தாங்கும் அகலமான தட்டைப் பிரிட்ஜில் தந்தி உரசி ரீங்கரிக்கும். தம்புராவில் ஜீவாளி போட்டதும் நாதம் விரிவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் இந்தப் பிரிட்ஜ் செய்யப் பார்க்கிறது. பக்கத்தில் 13 துணைத் தந்திகள். அந்தத் தந்திகளும் அவற்றுக்கான பிக்கப்பும் உடையாமல், பிரிட்ஜ் மாற்றப்படாமல் கிடைத்தால் சில ஆயிரம் டாலர் போகும். அந்தப் பிரிட்ஜ் நன்றாகச் சரிசெய்யப்பட்ட கோரலைக் கேட்பது ஒரு சுகம்.

சிகாகோவின் வால்கோ நிறுவனம் நேஷனல், சூப்ரோ பெயர்களில் செய்ததோடு ஏர்லைனுக்கும் செய்துகொடுத்தது. 1962 முதல் சில ஆண்டுகள் மரத்துக்குப் பதில் ‘ரெசோகிளாஸ்’ என்ற பைபர்கிளாஸில் பாடி வார்த்தார்கள். இரண்டு அச்சுப் பாதிகள், நடுவே மூட்டை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டி. அமெரிக்க வரைபடம் போன்ற வடிவில் வந்த நேஷனல் கிட்டார்களை இன்றும் ‘மேப்’ கிட்டார் என்றே அழைக்கிறார்கள். சிவப்பு ஏர்லைனை முதலில் புளூஸ் கலைஞர் ஜே.பி. ஹட்டோ வாசித்தார். 2000-க்குப் பிறகு ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒயிட் மேடையில் அதைத் தூக்கிப் பிடித்தார். அடகுக்கடையில் கிடந்த கிட்டார் ஆயிரங்களுக்கு ஏறியது. கிட்டாரில் ஒரு திருகுகூட மாறவில்லை. கேட்கும் காதுகள் மாறின.

இத்தாலியிலும் ஸ்வீடனிலும் கதை அக்கார்டியனில் தொடங்குகிறது. காஸ்டல்ஃபிடார்டோ வட்டாரம் அக்கார்டியனுக்குப் பேர்போனது. அதன் பக்கத்து ஊரான ரெக்கனாட்டியில் ஒலிவியேரோ பிஜினி தொடங்கிய எக்கோ நிறுவனம், அக்கார்டியனுக்குப் போர்த்தும் மினுமினுப்பு பிளாஸ்டிக்கையே கிட்டாருக்கும் போர்த்தியது. வரிசையாகப் பொத்தான்கள் வைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ரோமும் இதே வழியில் வந்தது. இவர்களை எல்லாம் தாண்டியவர் கவ்ரியாகோ ஊரின் அன்டோனியோ பியோலி. வான்ட்ரே என்ற பெயரில் 1950களின் கடைசியிலிருந்து சுமார் பத்தாண்டுகள் செய்தார். அலுமினிய நெக் (கிட்டாரின் கழுத்து), ஓவியன் தூரிகையை உதறியது போன்ற வண்ணம், ஒரு மாடலில் பாடியோடு ஒட்டிய ஆம்ப் என்று ஒவ்வொன்றும் சிற்பம். சேகரிப்பாளர்கள் இன்று துரத்தும் ஐரோப்பியக் கிட்டார்களில் வான்ட்ரேவுக்கே முதலிடம் என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் வாக்ஸ் நிறுவனம் 1966-இல் கிட்டார் ஆர்கன் ஒன்றை விற்றது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட் ஒவ்வொன்றிலும் ஒயர். தந்தி ஃப்ரெட்டைத் தொட்டால் ஆர்கன் ஒலி. இன்று கிடைப்பவற்றில் ஓடுபவை குறைவு. ஓடாததை அலங்காரப் பொருளின் விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

ஜப்பானில் டெய்ஸ்கோ, குயாடோன் போன்றவை. டெய்ஸ்கோ 1946-இல் தொடங்கி 1967-இல் கவாய் நிறுவனத்திடம் போனது. நான்கு பிக்கப், வரிசையாக ஸ்விட்ச், வினோத வளைவுகள். ஸ்பெக்ட்ரம் 5, மே குவீன் ஆகியவை சேகரிப்பவர்கள் தேடும் மாடல்கள். மலிவான டெய்ஸ்கோவுக்கும் ஒரு திருப்பம் வந்தது. கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபென்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் டெய்ஸ்கோவின் ‘கோல்ட் ஃபாயில்’ பிக்கப்பைப் பொருத்தியதும் அந்தப் பிக்கப்புக்குத் தனிக் கிராக்கி பிறந்தது. அதனால் கிட்டாரை வாங்கிப் பிக்கப்பை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் உதவும்.

பெரிய கம்பெனிகளின் விபத்துகளும் உண்டு. ஃபென்டர் 1965-இல் பட்டியலில் போட்டும் கடைக்கு வராத மராடர், பிக்கப்புகளை, பாடியின் மேல் மூடும் தகடான பிக்கார்டுக்கு அடியில் ஒளித்து வைத்த கிட்டார். 1969-இல் விற்காமல் தேங்கிய பன்னிரண்டு தந்தி ‘எலக்ட்ரிக் XII’ கிட்டாரின் பாகங்களை வெட்டி ஒட்டி ‘கஸ்டம்’ என்று விற்றார்கள். அதே போல மீந்த பாகங்களில் பிறந்தது ஸ்விங்கர். க்ரெட்ஷின் ஒயிட் பெங்குவின் 1950களில் சில டஜன் மட்டுமே வந்தது. கிப்சனின் மாடர்ன் என்ற மூன்றாவது வடிவத்துக்குக் காப்புரிமை இருக்கிறது. 1950களில் செய்தது என்று உறுதியான ஒரு கிட்டார்கூட இதுவரை இல்லை. யாராவது அதை உங்களிடம் விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

பொருளை வைத்தே சோதனை செய்தவர்களும் இருந்தார்கள். 1969-71 காலத்தில் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆர்ம்ஸ்ட்ராங் வடிவமைத்த கண்ணாடி போன்ற லூசைட் கிட்டார், 1974-79-இல் டிராவிஸ் பீனின் அலுமினிய நெக் கிட்டார், வெறும் எஃகு எலும்புக்கூடாக ஆலன் கிட்லர் நியூயார்க்கில் அறுபது மட்டுமே செய்த கிட்டார். கடைசியாகச் சொன்னதில் ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் படி: கைபடாமல் முதலில் பாருங்கள்

கிட்டாரைத் தரையில் வெள்ளைத்துணி விரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் சுற்றி வந்து பாருங்கள். திருகு இல்லாத ஓட்டை இருக்கிறதா? தந்தியை முறுக்கும் ட்யூனருக்குப் பக்கத்தில் பழைய ட்யூனரின் நிழல் போன்ற தடம் இருக்கிறதா? ஹெட்ஸ்டாக்கும் நெக்கும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா? கிப்சனில் அந்த இடம்தான் உடையும். ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், நெக் ஒரே மரத்துண்டில் வெட்டப்பட்டிருப்பதாலும், கிட்டார் மல்லாந்து விழுந்தால் கழுத்தில் முறியும். எவ்வளவு திறமையாக ஒட்டியிருந்தாலும் விலை பாதியாகிவிடும் என்பது சந்தையின் பொது வழக்கம்.

தேய்மானம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஃப்ரெட் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டு குழிந்து போயிருக்க, ஃப்ரெட் புதுசாக மின்னினால் ஃப்ரெட் மாற்றியிருக்கிறார்கள். அது பெரிய குற்றமல்ல. வாசித்த கிட்டாருக்கு இயல்பு. ஆனால் பாடி முழுக்க கீறல், பிக்கார்டில் ஒரு கோடுகூட இல்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாம் படி: எண்ணைப் படியுங்கள், நம்பிவிடாதீர்கள்

சீரியல் எண்ணை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். கிப்சனில் 1953 முதல் 1961 வரை ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் மையால் அடித்த எண்ணின் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். 9-இல் தொடங்கினால் 1959. இது தெளிவு. ஆனால் 1960களில் ஒரே எண்ணைப் பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப அடித்தார்கள். அப்போது எண்ணை விட்டுவிட்டு உடலைப் பார்க்க வேண்டும்: 1965 வாக்கில் நட் (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் தந்திகள் அமரும் சிறு பட்டை) குறுகியது, அதையடுத்து ஹெட்ஸ்டாக்கின் சாய்வு 17 டிகிரியிலிருந்து 14-க்குக் குறைந்தது, 1970-இல் ‘மேட் இன் யூ.எஸ்.ஏ.’ முத்திரை வந்தது.

ரிக்கன்பேக்கரில் 1961 முதல் ஒயர் செருகும் ஜாக் தகட்டில் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, ‘ஏ’ என்றால் 1961. இரண்டாவது மாதம். ‘டி பி’ என்றிருந்தால் 1964 பிப்ரவரி.

ஃபென்டரில் எண் இருக்கும் தகடு நான்கு திருகில் கழன்று வரும். ஒரு தகட்டை எந்தக் கிட்டாரில் வேண்டுமானாலும் மாட்டலாம். அதனால் ஃபென்டரின் தகட்டு எண் வெறும் தொடக்கம்தான். ஃபென்டருக்கு முக்கியமான கோடு 1965 ஜனவரி. அந்த மாதம் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபென்டரை வாங்கியது. அதற்கு முந்தையதை ‘ப்ரீ சி.பி.எஸ்.’ என்பார்கள், அந்த வார்த்தைக்கே சந்தையில் விலை உண்டு. 1964-இல் செய்ததும் 1965-இல் செய்ததும் பல சமயம் ஒரே கையால், ஒரே மரத்தில் செய்தவைதான். என்னைக் கேட்டால், விலை வித்தியாசம் அளவுக்கு ஒலி வித்தியாசம் இல்லை. வாசிக்க வாங்குபவர்கள் 1965-இன் தொடக்கத்தைத் தேடுவது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: திறந்து பாருங்கள்

வழிகாட்டியின் உயிரே இந்தப் படிதான். திறக்க அனுமதிக்காதவரிடம் விலை உயர்ந்த கிட்டார் வாங்காதீர்கள். நேரில் போக முடியாவிட்டால் உள்புறப் படங்களைக் கேளுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் முதலில் வாங்கிய 1960களின் ஜப்பான் கிட்டாரை இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். வெளியே எல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பிக்கார்டைக் கழற்றினால், மூன்று பிக்கப்பில் இரண்டு வேறு கிட்டாரிலிருந்து எடுத்து, உறையை மட்டும் பழசாகப் போட்டிருந்தார்கள். விற்றவர் பதிலே சொல்லவில்லை. அன்று ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கச் சோம்பேறித்தனம் பட்டதற்கு நான் கொடுத்த விலை, கிட்டாரின் விலையில் பாதி.

தந்தியைத் தளர்த்தி, திருகுகளை எந்த ஓட்டையில் எது என்று ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொண்டு திறவுங்கள். முதலில் வால்யூம், டோன் பாட்களின் (குமிழ்களுக்கு அடியில் உள்ள மின்பாகங்களின்) முதுகையோ பக்கத்தையோ பாருங்கள். அதில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்தது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376612 என்றிருந்தால் சி.டி.எஸ். 1966-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரத்தில் செய்த பாட். இது ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்று மட்டுமே சொல்லும். ஃபென்டர் 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, 1969 வரை அதையே பொருத்திக்கொண்டிருந்தது. எனவே 1966 பாட் இருக்கும் 1968 கிட்டார் சந்தேகத்துக்குரியதல்ல. 1966 பாட் இருக்கும் ‘1963’ கிட்டார் சந்தேகத்துக்குரியது.

அடுத்து சோல்டரிங், அதாவது ஒயர்களை ஈயத்தால் ஒட்டிய இடங்கள். அறுபது வருட ஈயம் மங்கி, சாம்பல் நிறத்தில் இருக்கும். ஓரத்தில் ஃப்ளக்ஸ் எனும் பழுப்புப் பசை உறைந்திருக்கும். புது ஈயம் பளிச்சென்று இருக்கும். ஒயரில் ஒரே ஒரு மூட்டு மட்டும் புதுசாக இருந்தால் ஏதோ ஒன்று பழுதாகிச் சரிசெய்திருக்கிறார்கள், போகட்டும். பிக்கப் ஒயர் சேரும் எல்லா இடமும் புதுசாக இருந்தால் பிக்கப்பையே மாற்றியிருக்க வாய்ப்பு உண்டு.

பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். கிப்சனில் சேத் லவர் கண்டுபிடித்த, இரைச்சலைத் தணிக்கும் ஹம்பக்கர் பிக்கப் 1957 முதல் கிட்டார்களில் வந்தது. அடியில் ‘பேடன்ட் அப்ளைட் ஃபார்’ என்று சின்ன ஸ்டிக்கர். அதன் முதலெழுத்துகளை வைத்துத்தான் பி.ஏ.எஃப். என்கிறோம். காப்புரிமை 1959-இலேயே கிடைத்தும் அந்த ஸ்டிக்கர் 1962 வரை ஓடியது. அப்புறம் வந்த ஸ்டிக்கரில் இருக்கும் 2,737,842 என்ற எண் ஹம்பக்கருடையதே இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கான (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) காப்புரிமை எண் அது. ஒரு ஜோடி அசல் பி.ஏ.எஃப். மட்டுமே பல ஆயிரம் டாலர் பெறும். அதனால்தான் போலி ஸ்டிக்கரும் தனியாக விற்கிறார்கள். ஸ்டிக்கரைவிட, பிக்கப் உறையின் சோல்டரிங் திறக்கப்பட்டதா என்பதுதான் பேசும் சாட்சி.

ஃபென்டராக இருந்தால் நெக்கைக் கழற்றி அதன் அடியைப் பாருங்கள். ஆரம்பத்தில் பென்சிலில் தேதி. 1962 முதல் மை முத்திரை. ‘2 மார்ச் 62 பி’ என்பது போல இருக்கும். பலரும் இதை மார்ச் 2-ஆம் தேதி என்று படித்துவிடுகிறார்கள். அந்த 2 தேதியல்ல, ஸ்ட்ராடோகாஸ்டர் நெக்குக்கான குறி எண். கடைசி எழுத்து நட்டின் அகலம். இது தெரிந்தால், ஜாஸ்மாஸ்டர் என்ற வேறு மாடலின் நெக்கை ஸ்ட்ராடோகாஸ்டரில் மாட்டி விற்பவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆம்ப் அல்லது ஆம்ப்-உள்ள கேஸ் கிடைத்தால் உற்சாகத்தில் ப்ளக்கில் செருகிவிடாதீர்கள். அவை அமெரிக்காவின் 110-120 வோல்ட்டுக்குச் செய்தவை. அக்கால மலிவு ஆம்ப்களில் சில, பவர் ட்ரான்ஸ்பார்மர் இல்லாமல் மெயின் கரன்டை நேராக உலோகச் சட்டத்துக்குக் கொண்டுவந்தவை, உயிரையே எடுக்கும். வால்வு ஆம்ப் தெரிந்த டெக்னீஷியன் பார்த்த பிறகே ஓட்டுங்கள்.

ஐந்தாம் படி: பெயின்ட்

வங்கிக் கவுண்டரில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு இருக்குமே, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டறையில் அதைக் கிட்டார் மேல் அடித்தால், வயதான நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (அக்கால மெருகுப் பூச்சு) மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். பிற்காலத்தில் அடித்த பெயின்ட் அடர் ஊதாவாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். உடைந்து ஒட்டிய இடத்தில் ஒளி அறுந்து நிற்கும். முழுக்க மறுபெயின்ட் அடித்திருந்தால், வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், விலை பாதி.

ஃபென்டர் அந்தக் காலத்தில் டுபான்ட் கார் பெயின்டைத் தன் கிட்டார்களுக்கு அடித்தது. லேக் பிளாசிட் ப்ளூ, ஃபியஸ்டா ரெட், பர்கண்டி மிஸ்ட் எல்லாம் கார் வண்ணங்கள். கூடுதலாக 5 சதவீதம் கட்டினால் போதும். இன்று அதே வண்ணம் அசல் என்றால் விலை இருமடங்குகூட ஆகும். அதனால் போலியும் இங்கேதான் அதிகம். நெக் உட்காரும் குழி, பிக்கார்டுக்கு அடிப்பகுதி, திருகு ஓட்டைகளின் உள்விளிம்பு ஆகிய மூன்று இடத்திலும் வண்ணம் ஒரே வயதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: விலையைக் கணக்கிடுங்கள்

கேட்கும் விலையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்று முடிந்த விலைதான் கணக்கு. ரிவர்ப் போன்ற இசைக்கருவி விற்பனை இணையதளங்களில் முந்தைய விற்பனைகள் தெரியும். வின்டேஜ் கிட்டார் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆண்டுதோறும் விலைக் கையேடு வெளியிடுகிறது. ஏலக் கம்பெனிகள் முடிவுகளை வெளியிடுகின்றன. ஏல விலையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உதாரணத்துக்கு, முழு அசலாக இருந்தால் 3,000 டாலர் போகும் கிட்டார் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மறுபெயின்ட் என்றால் 1,500. அதோடு ஒரு பிக்கப் மாற்றியது என்றால் அசல் பிக்கப்பின் தனிச் சந்தை விலையைக் கழியுங்கள். ட்யூனர் மாற்றி, புது ஓட்டை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம். அசல் கேஸ் இருந்தால் கூட்டுங்கள். கடைசியில் வரும் தொகையில் நீங்கள் செய்ய வேண்டிய ரிப்பேர் செலவையும் கழித்தால், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

வினோதக் கிட்டார்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் வான்ட்ரேவுக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. வாங்க இருவர் போட்டியிட்டால் ஒரு விலை, ஒருவர் மட்டும் இருந்தால் அதில் பாதி. விற்க நேர்ந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். அவசரப் பணத்தை இதில் போடாதீர்கள். 2008 வரை ஏறிய வின்டேஜ் கிட்டார் விலை, பொருளாதாரச் சரிவோடு இறங்கி, மீள ஆண்டுகள் ஆயின.

யார் வாசித்தது?

பிரபலம் வாசித்தது என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. மார்ட்டின் நிறுவனம் 1950களின் கடைசியில் அகூஸ்டிக் கிட்டாரில் இரண்டு மின் பிக்கப்புகளைத் திருகி டி-18இ என்று விற்றது. முந்நூற்றுச் சொச்சம் செய்துவிட்டுக் கைவிட்டார்கள். 1959-இல் செய்த ஒன்றை ராக் பாடகர் கர்ட் கோபேன் 1993-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்தார். 2020-இல் அது 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. பங்க் ராக் கலைஞர் ஜானி ரமோன் ஆண்டுக்கணக்கில் வாசித்த வெள்ளை மாஸ்ரைட் கிட்டார் 2021-இல் 9,37,500 டாலர். அதே மாடல் வேறொருவர் கையில் இருந்திருந்தால் சில ஆயிரம்தான்.

உங்களிடம் ஒருவர் அப்படிக் கதை சொன்னால் காகிதம் கேளுங்கள். அந்தக் காலத்துப் படத்தில் தெரியும் மரத்தின் ரேகையோ கீறலோ கையிலிருக்கும் கிட்டாரோடு ஒத்துப்போக வேண்டும். ரேகை கைரேகை மாதிரி, இரண்டு மரத்தில் ஒன்றாக வராது. ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கதைக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

எல்லை தாண்டும்போது

1960களின் நடுப்பகுதி வரை நல்ல கிட்டார்களின் ஃப்ரெட்போர்டு பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. பழைய கிட்டாராக இருந்தாலும் விற்பனைக்காக வேறு நாட்டுக்கு அனுப்ப அனுமதிச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிமுதல். பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது அமெரிக்கக் கம்பெனிகள் திரும்பியது நம் பக்கம்: மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் இந்திய ரோஸ்வுட். மார்ட்டின் 1969-இல் மாறியது. 2017 ஜனவரி முதல் எல்லா ரோஸ்வுட் வகைகளுக்கும் காகிதம் கேட்டார்கள். 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. மேசனைட் டேன்எலெக்ட்ரோவாக இருந்தாலும் ஃப்ரெட்போர்டு என்ன மரம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் ஆறாம் படியின் கணக்கில் சேருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு நாள் முழுக்கப் பெட்டியைத் திறக்காமல் அறையிலேயே வையுங்கள். குளிரிலிருந்து வந்த லேக்கர் திடீர் வெப்பத்தில் வெடிக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கேஸுக்குள் சிலிகா ஜெல் பையும், இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டரும் போடுங்கள். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிக்கார்டு, பைண்டிங் (ஓரப் பட்டி) உள்ள 1950களின் கிட்டார்களை மூடிய கேஸில் மாதக்கணக்கில் விடாதீர்கள். செல்லுலாய்டு சிதையும்போது வெளிவரும் ஆவி ட்யூனரையும் பிரிட்ஜையும் அரித்துவிடும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து வாசியுங்கள், கிட்டாருக்கும் அதுதான் நல்லது.

எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்றால், புது ஓட்டை போடாமல் பொருந்தும் பாகத்தை மட்டும் போடுங்கள். கழற்றிய பழைய பாட், திருகு, ஒயர்த் துண்டு எதையும் எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு, தேதியும் ஏன் கழற்றினோம் என்பதும் எழுதி, கேஸின் உள்பெட்டியில் வையுங்கள். இருபது வருடம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு, இந்த வழிகாட்டியின் நான்காம் படியில் பாதி வேலை குறைந்திருக்கும்.